பைக் டயர் மாத்துறதுக்கு முன்னாடி: சைஸும் வகையும் ஹேண்ட்லிங்க என்ன பண்ணும்னு புதுசா வர்றவங்களுக்கு

அகலமான டயர் போட்டா கிரிப் கூடும்னு நினைச்சு தான் பாதி பேர் டயர் மாத்துறாங்க. பின்னாடி இருந்து பார்க்க வண்டி கெத்தா இருக்கும், அது உண்மை தான். ஆனா போட்டுட்டு முதல் வளைவுல சாய்க்கும்போது வண்டி பழைய மாதிரி சுளுவா விழ மாட்டேங்குது, ஹேண்டில இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கு, ரோட்டுல கோடு கோடா பள்ளம் இருந்தா வண்டி அது பின்னாடியே போகப் பாக்குது, அப்பத்தான் என்னாச்சுன்னு தேட ஆரம்பிக்கிறாங்க. அந்தத் தேடல காசு போறதுக்கு முன்னாடியே முடிச்சுரணும்னு தான் இத எழுதுறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணு தான், டயரோட அகலம் இல்ல, அது ரிம்ல உக்காந்ததுக்கு அப்புறம் அதுக்கு கிடைக்கிற உருவம் தான் வண்டிய வளைக்குது. மத்தது எல்லாம் இதுல இருந்து தான் வரும்.

ஏன்னு கொஞ்சம் நின்னு பாத்துட்டு போலாம், ஏன்னா இது புரிஞ்சா கீழ உள்ள எல்லாப் படியும் தானா புரியும். கார் டயர் தரைல தட்டையா உக்காரும், பைக் டயர் குறுக்கு வெட்டுல பார்த்தா வட்டமா வளைஞ்சு இருக்கும். நேரா போகும்போது நடுப்பகுதி தரையத் தொடுது, சாய்ச்சா ஓரம் தொடுது. நடுவுல டயரோட சுற்றளவு பெருசு, ஓரத்துல சின்னது, அதனால சாய்ஞ்சு உருளுற டயர் ஒரு கூம்போட துண்டு மாதிரி ஆயிடுது. ஒரு டம்ளர படுக்க வச்சு உருட்டி விட்டா நேரா போகாம அடி குறுகின பக்கமா வட்டம் போடும் பாருங்க, அதே கதை தான். ஆக டயரோட வளைவு எப்படி இருக்கோ அப்படித்தான் வண்டி சாயும். நடு கூர்மையா இருந்தா சட்டுனு விழும், தட்டையா இருந்தா நேரா போறதுக்கே பிடிவாதம் பிடிக்கும், சாய்க்க பலம் கேக்கும்.

படி 1: இப்ப இருக்குற டயர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க

வண்டி கிட்ட உக்காந்து சைடுவால்ல, அதாவது டயரோட பக்கச் சுவர்ல, எழுதியிருக்குறத ஒரு பேப்பர்ல எழுதுங்க, முன் டயர் பின் டயர் ரெண்டும். உதாரணமா 100/90-17 55பி (55P) அப்படின்னு இருக்குன்னு வச்சுக்குவோம். 100ங்கிறது டயரோட அகலம் மில்லிமீட்டர்ல. 90ங்கிறது சைடுவால் உயரம், ஆனா மில்லிமீட்டர் இல்ல, அகலத்துல எத்தன சதவீதம்னு அர்த்தம், இங்க 100ல 90 சதவீதம்னா 90 மில்லிமீட்டர். இதுவே 140/70னு இருந்தா 140ல 70 சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர். புதுசா வர்றவங்க அதிகமா குழம்புறது இங்க தான், 70ங்கிறது 90 விட சின்ன நம்பர் தானே, டயர் உயரம் கம்மியா இருக்கும்னு நினைப்பாங்க, ஆனா அகலம் கூடினதால உயரமும் கூடியிருக்கு பாருங்க. கடைசில உள்ள 17 ரிம்மோட விட்டம், இஞ்ச்ல.

17க்கு முன்னாடி உள்ள சின்னக் கோடு சும்மா இல்ல. கோடு இருந்தா அது பயாஸ் டயர், கிராஸ்ப்ளைன்னும் சொல்வாங்க, இதுக்கும் ரேடியலுக்கும் என்ன வித்தியாசம்னு படி 6ல வரும். அதே இடத்துல ஆர்னு இருந்தா ரேடியல், பி (B)னு இருந்தா பெல்ட் வச்ச பயாஸ், இது பெரிய க்ரூஸர்ல தான் அதிகமா பாக்கலாம். இசட்ஆர்னு இருந்தா மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல தாங்குற ரேடியல்.

கடைசில உள்ள 55பில 55ங்கிறது சுமைக் குறியீடு, 55க்கு 218 கிலோ, 58க்கு 236 கிலோ, 66க்கு 300 கிலோ, 73க்கு 365 கிலோ. இது அந்த ஒரு டயர் மட்டும் தாங்குற எடை. எழுத்து வேகக் குறியீடு, பி (P) 150, எஸ் 180, ஹெச் 210, வி 240, டபிள்யூ 270 கிலோமீட்டர். கம்பெனி கொடுத்தத விட இந்த ரெண்டும் குறையவே கூடாது, கூடலாம். ஆனா வேகக் குறியீடு ரொம்ப மேல போனா டயரோட உடம்பும் பெரும்பாலும் இறுக்கமா தான் இருக்கும், எடை கம்மியான சின்ன வண்டில போட்டா குழி மேடெல்லாம் கைக்கு நேரா தெரியும், அதயும் யோசிச்சுக்குங்க.

பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு 3.00-18 மாதிரி இஞ்ச்ல எழுதியிருக்கும், அதுல சதவீதம் எதுவும் இருக்காது, உயரமும் கிட்டத்தட்ட அகலத்துக்கு சமம்னு எடுத்துக்கலாம். 3.00-18க்கு பதிலா பொதுவா 90/90-18 போடுவாங்க.

இன்னொன்னயும் எழுதிக்குங்க, டாட் (DOT)னு ஆரம்பிக்கிற வரிசைல கடைசி நாலு நம்பர். 2324னு இருந்தா 2024ம் வருஷம் 23வது வாரத்துல செஞ்சது. வாங்கப் போற புது டயர்லயும் இத கண்டிப்பா பாருங்க. பல டயர் கம்பெனிக அஞ்சு வருஷம் தாண்டின டயர வருஷா வருஷம் செக் பண்ணச் சொல்றாங்க, பத்து வருஷம் ஆனா பட்டை, அதாவது ரோட்டத் தொடுற மேல் ரப்பர், எவ்ளோ மிச்சம் இருந்தாலும் கழட்டச் சொல்றாங்க, ரப்பர் காய்ஞ்சு இறுகிட்டா பிடிப்பே இருக்காது.

படி 2: ரிம்மோட அகலத்த பாருங்க, இத யாரும் பாக்குறதில்ல

எனக்கு இந்த முழு விஷயத்துலயும் முக்கியமான படி இது தான். அலாய் வீல்னா ஸ்போக் மேலயோ ரிம்மோட உள்பக்கமோ 17 x எம்டி 3.50 இப்படி ஏதாவது பொறிச்சு இருக்கும். அந்த 3.50 தான் ரிம்மோட அகலம் இஞ்ச்ல. ஒவ்வொரு டயர் சைஸுக்கும் இந்த அகலத்துல இருந்து இந்த அகலம் வரைக்கும் உள்ள ரிம்ல போடலாம்னு ஒரு எல்லை உண்டு, டயர் கம்பெனியோட அட்டவணைல அது இருக்கும். 120/70-17க்கு 3.5 இஞ்ச் தான் அளவா அமைஞ்ச ரிம், 160/60-17க்கு 4.5, 180/55-17க்கு 5.5, 190க்கு 6 இஞ்ச்.

இப்ப 4.5 இஞ்ச் ரிம்ல 160 ஓடிட்டு இருக்கு, நம்மாளு 180 வாங்கிட்டு வந்து போடுறார்னு வைங்க. டயர் ஏறிடும், காத்தும் நிக்கும், பிரச்சன அது இல்ல. ரெண்டு பக்கமும் உள்ள விளிம்பு உள்ள இழுபட்டு டயர் கிள்ளின மாதிரி ஆயிடும். ரிம் அரை இஞ்ச் குறைஞ்சா டயர் அகலம் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் குறையும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அப்படிப் பார்த்தா ஒரு இஞ்ச் குறைஞ்ச ரிம்ல 180னு காசு கொடுத்து வாங்கினது உக்காந்ததும் 170 கிட்ட தான் நிக்கும். நடு கூர்மையாயிடும், டிசைன் பண்ணினவங்க நினைச்ச வளைவு போயிடும், நேரா போகும்போது தரையத் தொடுற பட்டை ஒடுங்கிடும், ஓரத்துல உள்ள ரப்பர் தரைய பாக்கவே பாக்காது. எடையும் கூடி, காசும் கூடி, பிடிப்பு மட்டும் கூடல.

இதுக்கு எதிரா அகலமான ரிம்ல ஒல்லி டயர் போட்டா அது பரந்து தட்டையாயிடும். நேரா போகும்போது நல்லா இருக்குற மாதிரி தெரியும், சாய்க்க ஆரம்பிச்சா முதல்ல எதிர்க்கும், அப்புறம் திடீர்னு ஓரத்துல வந்து விழும், அந்த மாறுற இடம் சீரா இருக்காது. சைடுவாலும் வெளிய இழுபட்டு நிக்கும், ஒரு குழில இறங்கினா ரிம்ம காப்பாத்த ஒண்ணும் மிச்சமிருக்காது.

ஆகவே டயர் கடைல போய் இந்த வண்டிக்கு எவ்ளோ பெரிய டயர் ஏறும்னு கேக்காதீங்க, இந்த ரிம் அகலத்துக்கு எந்த சைஸ் பொருந்தும்னு கேளுங்க. ரெண்டுக்கும் பதில் வேற வேற.

படி 3: மொத்த உயரத்த கணக்கு போடுங்க

இது அஞ்சாப்பு கணக்கு தான், பயப்பட வேணாம். ரிம் விட்டத்த 25.4 ஆல பெருக்குங்க, அதோட சைடுவால் உயரத்த ரெண்டு தடவ கூட்டுங்க. 17 இஞ்ச்னா 431.8 மில்லிமீட்டர். 130/70-17க்கு சைடுவால் 91, ரெண்டு பக்கமும் 182, மொத்தம் 613.8. 140/70-17க்கு 98, ரெண்டு பக்கமும் 196, மொத்தம் 627.8. வித்தியாசம் 14 மில்லிமீட்டர், அதுல பாதி 7, அதாவது வண்டியோட பின்பக்கம் 7 மில்லிமீட்டர் தூக்கும்.

7 மில்லிமீட்டர்ல என்னன்னு தோணும். பின்பக்கம் தூக்கினா முன்பக்கம் குனியும், முன் ஃபோர்க்கோட சாய்வு கொஞ்சம் செங்குத்தாகும், ட்ரெயில் குறையும். ட்ரெயில்னா ஹேண்டில் திரும்புற அச்சு தரையத் தொடுற புள்ளிக்கும் டயர் தரையத் தொடுற புள்ளிக்கும் நடுவுல உள்ள தூரம், அது தான் முன் வீல தானா நேராக்கிட்டே இருக்கும். அது குறைஞ்சா வண்டி சுறுசுறுப்பா திரும்பும், அதே சமயம் ஹைவேல வேகத்துல முன்பக்கம் லேசா அலையும். அனுபவம் உள்ள மெக்கானிக் ஃபோர்க்க அஞ்சு மில்லிமீட்டர் மேல கீழ நகத்தி வண்டியோட குணத்தயே மாத்திடுவாங்க, அப்ப டயர்ல வர்ற 7 மில்லிமீட்டர் எவ்ளோன்னு பாத்துக்குங்க. முன் டயர்ல உயரம் கூடினா இதுக்கு நேர் எதிரா நடக்கும், வண்டி நிதானமாகும், திரும்ப சோம்பும்.

இன்னொரு பக்கம், பின் டயர் 14 மில்லிமீட்டர் கூடினா சுற்றளவு 2.3 சதவீதம் கூடும். கியர் ரேஷியோ அவ்ளோ உயந்த மாதிரி, பிக்கப் லேசா மந்தமாகும். ஸ்பீடோமீட்டர் பின்பக்கத்துல இருந்து அளவு எடுக்குற வண்டினா காட்டுற வேகத்த விட நிஜமா கொஞ்சம் அதிகமா போயிட்டு இருப்பீங்க. ஏபிஎஸ் (பிரேக்ல வீல் பூட்டிக்காம பாக்குறது), ட்ராக்ஷன் கண்ட்ரோல் (பின் வீல் வழுக்கிச் சுத்தாம பாக்குறது) உள்ள வண்டில இன்னும் ஜாக்கிரத, அது ரெண்டு வீல் சுத்துற வேகத்தயும் ஒப்பிட்டு தான் முடிவு எடுக்குது, ஒரு வீலோட சுற்றளவு மட்டும் ரொம்ப மாறிட்டா அதோட கணக்கு தப்பும்.

150/60-17 போட்டா என்ன ஆகும்னு கேப்பீங்க. சைடுவால் 90, மொத்தம் 611.8, 130/70 உயரத்துக்கு கிட்டத்தட்ட சமம் தான். உயரம் பொருந்திடுச்சுன்னு சந்தோஷப்பட்டா ரிம் அகலம் பொருந்தாம போகலாம். அதனால படி 2ம் படி 3ம் சேத்து தான் பாக்கணும், ஒண்ணு மட்டும் பொருந்துறது பொருத்தம் இல்ல.

படி 4: அகலம் கூடினா குறைஞ்சா என்ன மாறும்னு புரிஞ்சுக்குங்க

அகலமான டயர்னா ரோட்டுல அதிக ரப்பர் படும்ங்கிறது பாதி தான் சரி. எடையும் காத்து பிரஷரும் அதேயா இருந்தா தரையத் தொடுற பரப்பு கிட்டத்தட்ட அதே தான், வடிவம் தான் மாறும், ஒல்லி டயர்ல நீளமா குறுகலா இருக்கும், அகல டயர்ல குட்டையா பரந்து இருக்கும். அகல டயர் நிஜமா தேவைப்படுறது பவர் அதிகமான வண்டிக்கு, வளைவுல இருந்து வெளிய வரும்போது த்ராட்டில் திறந்தா அந்த சூட்டயும் இழுப்பயும் தாங்க ரப்பர் வேணும். 20, 25 குதிரைத்திறன் வண்டிக்கு அந்தத் தேவையே வராது, அங்க ஒல்லி டயர் தான் வண்டிய உயிரோட வச்சிருக்கும்.

அகலம் கூடினா இன்னொன்னும் நடக்கும், பலருக்கு இது ஆச்சரியமா இருக்கும். அதே வளைவ அதே வேகத்துல போக வண்டிய இன்னும் அதிகமா சாய்க்கணும். ஏன்னா சாய்ஞ்சதும் தரையத் தொடுற இடம் டயரோட நடுவுல இருந்து வளைவோட உள்பக்கமா நகந்து போயிடுது, டயர் அகலமா இருந்தா அதிகமா நகரும், அத ஈடு கட்ட வண்டியோட எடையும் இன்னும் உள்பக்கம் வரணும். ஒல்லி டயர் வண்டி கம்மியா சாஞ்சே அதே வளைவ முடிச்சுரும்.

முன் டயர்ல இது இன்னும் கறாரா தெரியும். சாய்ஞ்சு போயிட்டு இருக்கும்போது முன் பிரேக் பிடிச்சா, தரையத் தொடுற இடம் ஹேண்டில் அச்சுக்கு உள்பக்கமா தள்ளி இருக்குறதால பிரேக்கோட இழுப்பு ஹேண்டில உள்பக்கமா திருப்பும், ஹேண்டில் உள்ள திரும்பினா வண்டி நிமிரும், நிமிந்தா வளைவ விட்டு வெளிய ஓடும். முன் டயர் எவ்ளோ அகலமோ அவ்ளோ இந்தக் குணம் கூடும். அதனால முன் டயர அழகுக்காக பெருசாக்குற யோசனைய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒரு சைஸ் கூட.

அகல டயர் எடையும் கூட, அந்த எடை சஸ்பென்ஷனுக்கு கீழ வேற இருக்கு, குழி மேட்டுல வீல் ரோட்டோட ஒட்டி போக சிரமப்படும்.

படி 5: வீல் விட்டம், இத மாத்துறது அபூர்வம் ஆனா தெரிஞ்சுக்கணும்

சுத்துற வீல் தன் அச்ச மாத்த விடாம எதிர்க்கும், பெருசா கனமா இருந்தா எதிர்ப்பு அதிகம். ஸ்கூட்டர்ல 10, 12 இஞ்ச் வீல் இருக்குறதால சந்து பொந்துல சுழண்டு போகும், ஆனா சின்னக் குழிலயும் இறங்கிடும். மண் ரோட்டு வண்டிக்கு முன்னாடி 21 இஞ்ச், கல்லு கட்டை மேல உருண்டு ஏற அது தான் வசதி, தார் ரோட்டுல திரும்ப நிதானமா இருக்கும். ரெண்டுலயும் போற வண்டிக்கு 19. ரோட்டு வண்டிக்கு 17.

இந்த 17 உடனே முடிவானது இல்ல, 1980கள்ல ஸ்போர்ட்ஸ் பைக்ல முன்னாடி 16 இஞ்ச் போட்டுப் பாத்தாங்க, கவாஸாகி ஜிபிஇசட்900ஆர் 1984ல அப்படித்தான் வந்துச்சு, சீக்கிரம் திரும்பணும்ங்கிறது நோக்கம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் 17க்கு வந்துட்டாங்க. மோட்டோஜிபில கூட பிரிட்ஜ்ஸ்டோன் காலத்துல 16.5 இஞ்ச் ஓடிட்டு இருந்து 2016ல மிஷலின் வந்தப்ப 17 ஆச்சு. 17 இஞ்ச்ல தான் இன்னிக்கு அதிக வகை டயர் கிடைக்கும், வண்டி தேர்ந்தெடுக்கும்போதே இது ஒரு லாபம்.

படி 6: பயாஸா ரேடியலா

டயருக்குள்ள நூல் அடுக்கு இருக்கும். பயாஸ்ல அந்த நூல் ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு குறுக்கா சாய்வா போகும், அடுத்த அடுக்கு எதிர் சாய்வுல. அதனால சைடுவாலும் நடுப்பகுதியும் ஒரே உடம்பா சேந்து அசையும். சைடுவால் தடிச்சு இருக்கும், சுமை தாங்கும், கரடு முரடுக்கு ஆகும், விலையும் கம்மி. குறை என்னன்னா வேகமா நீண்ட தூரம் போனா சூடாகும், சூடானா தேய்மானமும் கூடும்.

ரேடியல்ல நூல் நேர் குறுக்கா ஒரு விளிம்புல இருந்து மறு விளிம்புக்குப் போகும், அதுக்கு மேல பட்டைக்கு அடியில தனியா பெல்ட் சுத்தியிருக்கும். இதனால சைடுவால் தனியா வளைஞ்சு கொடுக்கும், பட்டை தனியா ரோட்டோட ஒட்டி இருக்கும். சூடு கம்மி, வேகத்துல நிலையா இருக்கும், ரோட்டுல என்ன நடக்குதுன்னு ஹேண்டில் வழியா தெளிவா தெரியும். குட்டையான சைடுவாலும் அகலமான பட்டையும் சேந்து வந்ததே ரேடியலால தான், பைக்குக்கு அது 1980கள்ல தான் வந்துச்சு.

அப்ப எல்லாரும் ரேடியலுக்கு மாறிடலாமான்னா, இல்ல. வண்டியோட ஃப்ரேமும் சஸ்பென்ஷனும் எந்த டயர வச்சு டியூன் பண்ணாங்களோ அதோட தான் ஒத்துப் போகும். எடை கம்மியான வண்டி 100 கிலோமீட்டர் வேகத்துக்கு கீழ ஓடுதுன்னா நல்ல பயாஸ் டயரே தாராளம், நல்ல ரப்பர் உள்ள பயாஸ் மட்டமான ரேடியல விட எப்பவும் மேல். முன்னாடி ரேடியல் பின்னாடி பயாஸ்னு போடவே போடாதீங்க, ரெண்டும் வேற வேற மாதிரி வளைஞ்சு கொடுக்கும், வேகத்துல வண்டி நடுவுல முறுக்கிட்டு ஆடும். முன்னாடி பயாஸ் பின்னாடி ரேடியல் வச்சு சில வண்டிங்க கம்பெனில இருந்தே வருது, அது அவங்க சோதிச்சுப் பாத்து கொடுத்த ஜோடி, மேனுவல்ல இருந்தா மட்டும் அப்படிப் போடுங்க.

படி 7: நீங்க நிஜமா எங்க ஓட்டுறீங்கன்னு யோசிச்சு பட்டையையும் ரப்பரையும் தேர்ந்தெடுங்க

பட்டைல உள்ள வெட்டு தண்ணி வெளியேற. காய்ஞ்ச தார் ரோட்டுல வெட்டே இல்லாம இருந்தா தான் பிடிப்பு அதிகம், ரேஸ் ஸ்லிக் அதனால தான் வழுவழுன்னு இருக்கு, மழைல அதே டயர் ஆபத்து. கட்டை கட்டையா பட்டன் டயர் மண்ணுக்கு அருமை, தார்ல ஒவ்வொரு கட்டையும் தனித்தனியா நெளியும், சாய்க்கும்போது கீழ ஏதோ நகர்ற மாதிரி இருக்கும், பிரேக் பிடிச்சா நிக்கிற தூரமும் கூடும். பார்க்க நல்லா இருக்குன்னு பட்டன் டயர் போட்டுட்டு தினமும் தார்லயே ஓட்டுறவங்கள நினைச்சா எனக்கு நிஜமாவே கவலையா இருக்கும், அதுவும் மழைக்காலத்துல. நூத்துக்கு தொண்ணூறு தார் ரோடுன்னா ரோடு டயர் தான்.

ரப்பர் விஷயத்துல, மென்மையான ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும், கெட்டியான ரப்பர் உழைக்கும், ஈரத்துல வழுக்கும். சிலிக்கா கலந்த ரப்பர் குளிர்லயும் ஈரத்துலயும் இறுகாம இருக்கும், தினமும் ஓட்டுறவங்களுக்கு அது தான் நல்லது. சில டயர்ல நடுவுல கெட்டி ரப்பர், ரெண்டு ஓரத்துலயும் மென்மைன்னு ரெண்டு வகை வச்சிருப்பாங்க, நெடுந்தூரம் போறவங்களுக்கு ஏத்தது. ட்ராக்குக்கு செஞ்ச டயர் ஊருக்குள்ள வேணாம், அது சூடேறினா தான் வேலை செய்யும், சிக்னலுக்கு சிக்னல் நின்னு போற ஓட்டத்துல அந்த சூடு வராது, வராட்டி சாதாரண டயர விட மோசமா வழுக்கும்.

முன்னும் பின்னும் ஒரே மாடல் ஜோடியா போடுறது தான் நல்லது. ஒரே 110/70-17 சைஸா இருந்தாலும் ஒரு கம்பெனி டயர் கூர்மையா இருக்கும், இன்னொண்ணு உருண்டையா இருக்கும். முன்னாடி கூர்மை பின்னாடி தட்டைன்னா முன்பக்கம் வளைவுக்குள்ள விழப் பாக்கும், பின்பக்கம் நிமிந்து நிக்கப் பாக்கும், நடுவுல நீங்க மாட்டிக்குவீங்க.

படி 8: மாட்டும்போது கூடவே நில்லுங்க

சுத்துற திசைய காட்டுற அம்புக்குறி சரியான பக்கம் இருக்கா பாருங்க. மாட்டினதும் ரிம் ஓரத்த ஒட்டி டயர்ல ஒரு மெல்லிய கோடு சுத்தி ஓடும், அது ரிம்ல இருந்து எல்லா இடத்துலயும் ஒரே தூரத்துல இருக்கணும், ஒரு இடத்துல உள்ள போயிருந்தா டயர் முழுசா உக்காரலன்னு அர்த்தம், காத்த எறக்கிட்டு மறுபடி உக்கார வைக்கச் சொல்லுங்க. வீல் பேலன்ஸ் பண்ணச் சொல்லுங்க. ட்யூப்லெஸ்னா வால்வும் புதுசா போட்டுக்குங்க. சைஸ் மாத்தியிருந்தா செயின், ஸ்விங்ஆர்ம் (பின் வீல தாங்குற கை), மட்கார்டு மூணுக்கும் டயருக்கும் இடைவெளி இருக்கான்னு வீல கையால சுத்திப் பாருங்க, நின்னுட்டு இருக்கும்போது மட்டும் போதாது, ஆள் உக்காந்து சஸ்பென்ஷன் அமுங்கினதும் பாக்கணும், வேகத்துல சுத்தும்போது டயர் லேசா பெருசாகும்ங்கிறதயும் மனசுல வச்சு இடைவெளி விடணும்.

படி 9: காத்து, அப்புறம் முதல் ஓட்டம்

காத்து பிரஷர் டயர் ஆறி இருக்கும்போது தான் பாக்கணும், ஓட்டிட்டு வந்த சூட்டுல பாத்தா அதிகமா காட்டும், அத நம்பி எறக்கிட்டீங்கன்னா ஆறினதும் குறைவா போயிடும். வெயில் மழைக்குமே மாறும், அஞ்சாறு டிகிரி வெப்பம் மாறினா கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ மாறும். எவ்ளோ வைக்கணும்ங்கிறது ஸ்விங்ஆர்ம்லயோ செயின் கார்டுலயோ ஒட்டியிருக்கும், சைடுவால்ல இருக்குறது டயர் தாங்குற அதிகபட்சம், அது உங்களுக்கான அளவு இல்ல. பின்னாடி ஆள் ஏறினா பின் டயருக்கு எவ்ளோ கூட்டணும்னும் அதே ஸ்டிக்கர்ல இருக்கும். முன் டயர்ல காத்து குறைஞ்சா ஹேண்டில் கனக்கும், சாய்க்க சோம்பும், அதிகமானா சின்னக் கல்லுக்கும் தத்தும், பிடிப்பு குறையும். டயர் சரியில்லன்னு புகார் சொல்றதுல நெறைய இங்கயே முடிஞ்சுரும்.

புது டயரோட மேல்பகுதி வழவழன்னு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் நிதானமா போங்க, திடீர் பிரேக், திடீர் த்ராட்டில் வேணாம், முதல்ல கொஞ்சமா சாய்ச்சு ஒவ்வொரு ஓட்டத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, ஓரம் வரைக்கும் அந்த மினுமினுப்பு போயி சொரசொரப்பாகணும். அந்த ஓட்டத்துல கவனிக்க வேண்டியது, ஹேண்டில ரொம்ப லேசா பிடிச்சு, எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்க ஹேண்டில முன்னாடி மெதுவா தள்ளுங்க. வண்டி சாய ஆரம்பிக்கிறதும் நிக்கிறதும் சீரா இருக்கா, நடுவுல எங்கயாவது சட்டுனு விழுதா, வளைவுல ஒரு நிலைக்கு வந்ததும் கைய தளத்தினா அப்படியே போகுதா இல்ல நிமிருதா உள்ள விழுதா. இது மூணுக்கும் பதில் தெரிஞ்சா டயர் பொருந்துச்சான்னு தெரிஞ்சுரும்.

பழைய டயர் நடுவுல தேஞ்சு தட்டையா போயிருந்தா புது டயர்ல வண்டி ரொம்ப சீக்கிரம் சாயுற மாதிரி பயமா இருக்கும், உண்மைல அது தான் வண்டியோட சரியான குணம், தேஞ்ச டயருக்கு கை பழகியிருக்கு அவ்ளோ தான். ஆனா பின் டயர் மட்டும் மாத்தி முன் டயர் பழசாவே இருந்தா இந்த உணர்வு ஒரு வாரத்துல போகாது, முன் டயரோட ரெண்டு பக்கமும் அலை அலையா தேஞ்சிருக்கான்னு கையால தடவிப் பாருங்க, அப்படி இருந்தா அதயும் கழட்டிடுங்க, பட்டை இன்னும் மிச்சம் இருந்தாலும்.